செவலை புதைத்த சொல்

அந்தக் காலத்தில் விலங்குகளுக்கு வாயில் சொல் இருந்தது. உடம்பில் சொல் இல்லை. நாயின் வால் ஒரு குச்சியைப் போல எப்போதும் நேராக நீண்டிருக்கும். மகிழ்ச்சி வந்தாலும் அது ஆடாது. துன்பம் வந்தாலும் அது தாழாது. காதுகள் இரண்டும் எந்நேரமும் விறைத்து நிற்கும். ஆகவே, ஒரு நாயின் மனத்தில் இருப்பதை அறிய விரும்பியவர் அதனிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டியிருந்தது. நாயும் உள்ளதை உள்ளபடியே சொல்லிவந்தது. பசித்தால் பசிக்கிறது என்றது. பயந்தால் பயமாக இருக்கிறது என்றது. அப்படிச் சொல்வதில் அதற்கு வெட்கம் ஏதும் இருந்ததில்லை.

அப்போது மாயழகு என்றொரு கீதாரி இருந்தான். ஆட்டு மந்தையை ஊர் ஊராக ஓட்டிச் சென்று, அறுவடை முடிந்த வயல்களில் இரவு தங்கவைப்பவனைக் கீதாரி என்பார்கள். அவ்வாறு தங்கவைப்பது கிடை போடுதல். ஆடுகள் படுத்தெழுந்த நிலத்துக்கு அவற்றின் புழுக்கையே உரம். அதற்காக நிலக்காரர்கள் கீதாரியை அழைத்து, தானியம் கொடுத்து அனுப்புவார்கள். மாயழகுக்கு உதவியாக அவன் மனைவி பூவாயி இருந்தாள். காவலுக்குச் செவலை என்னும் நாய் இருந்தது. செம்மண் நிறம், ஒடுங்கிய வயிறு, நடந்து நடந்து தேய்ந்த நகங்கள்.

அந்த மந்தையில் ஒரு வழக்கம் உண்டு. பொழுது சாய்ந்ததும் மூங்கில் படல்களை வட்டமாக நட்டு ஆடுகளை உள்ளே அடைப்பார்கள். செவலை படலைச் சுற்றி நடந்து வரும். மாயழகு வாசலில் நின்று, "காவல் உண்டா?" என்று உரக்கக் கேட்பான். "உண்டு, பயமில்லை" என்று செவலை விடை கூறும். அதற்குக் காவற்சொல் என்று பெயர். அந்தச் சொல் காதில் விழுந்த பின்னரே ஆடுகள் முழங்காலை மடக்கும். அதன் பின்னரே பூவாயி பால்குடிக் குட்டிகளைத் தாய்களிடமிருந்து பிரித்துப் பெரிய கூடைகளால் கவிழ்த்து மூடுவாள். நரி புரட்டிவிடாதபடி ஒவ்வொரு கூடையின்மேலும் ஒரு கல்லை ஏற்றுவாள். செவலை "பயமாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டாலோ, நட்ட படல்களைப் பிடுங்கித் தோளில் சுமந்துகொண்டு வேறு நிலத்துக்குப் போக வேண்டும்.

முறை நல்ல முறைதான். ஆனால், நாள் முழுவதும் வெயிலில் நடந்த கால்களுக்கு நல்ல முறைகளும் கனக்கும்.

ஒரு சித்திரை மாதத்தில் செவலை பயமாக இருக்கிறது என்றது. அவர்கள் இடம் மாறினார்கள். விட்டுவந்த இடத்தில் ஒன்றும் நடக்கவில்லை. சில நாள் கழித்து மறுபடியும் பயம் என்றது, மறுபடியும் மாறினார்கள். அங்கும் ஒன்றும் நடக்கவில்லை. மாயழகு படலைத் தோளிலிருந்து இறக்கிப் போட்டுவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தான்.

"அடே செவலை, எதைக் கண்டு பயந்தாய்?"

"காரணம் தெரியவில்லை, கீதாரி. பயம் மட்டும் தெரிந்தது."

"காரணம் இல்லாத பயத்துக்கு நான் எத்தனை முறை படல் தூக்குவது? அங்கே ஒன்றும் நடக்கவில்லையே."

"நாம் அங்கே இல்லாததால் நடக்காமல் இருந்திருக்கலாம்."

மந்தையில் ஒரு வெள்ளாட்டுக் கிடாய் இருந்தது. கால் குட்டையானதால் அதற்குக் கூளையன் என்று பெயர். கால் குட்டையே தவிர நாக்கு நீளம். அது அசைபோடுவதை நிறுத்திவிட்டுச் சொன்னது: "காவலுக்கு நாய் வைத்தோம். இப்போது நாய்க்குக் காவல் வைக்க ஆள் தேட வேண்டும் போலிருக்கிறதே!"

ஆடுகள் எல்லாம் சிரித்தன. மாயழகும் சிரித்தான். அவன் சிரித்ததுதான் செவலைக்கு வலித்தது.

அதன் பின்னர், பயம் வந்த நாளிலும் செவலை பயமில்லை என்றே சொன்னது. இடி முழங்கிய மாலையிலும் சொன்னது. குடித்துவிட்டு வந்த வழிப்போக்கன் ஒருவன் படலை உதைத்துக்கொண்டு நின்ற மாலையிலும் சொன்னது. அந்நாள்களிலும் ஒன்றும் நடக்கவில்லை. மாயழகு அதன் தலையைத் தட்டிக்கொடுத்து, "இப்போதுதான் நீ தேறியிருக்கிறாய்" என்றான். செவலை தேறவில்லை, இளைத்தது. பயத்தைச் சுமப்பதைவிடப் பயமில்லை என்று சொல்வதுதான் அதற்கு அதிகக் களைப்பைத் தந்தது.

ஆடி மாதக் கடைசியில் அவர்கள் ஓர் ஓடைக்கரை ஊருக்குப் போனார்கள். நிலக்காரர் நல்லதம்பி ஓடையை ஒட்டிய பள்ள வயலைக் காட்டினார். ஓடையில் தண்ணீர் இல்லை. மணல்தான் வெந்துகொண்டு கிடந்தது. அன்று அவர்கள் விடியற்காலையிலிருந்து நடந்திருந்தார்கள். வழியில் ஒரு கிணற்றில்கூடத் தண்ணீர் கிடைக்கவில்லை. படல்களை நட்டு முடித்தபோது பூவாயி நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, குதிகாலில் ஏறிய முள்ளைத் தேடத் தொடங்கினாள்.

செவலை படலைச் சுற்றி வந்தது. ஓடைப்பக்கம் வந்ததும் நின்றது. பிறகு திரும்பி வந்து மாயழகின் அருகில் நின்றது.

"காவல் உண்டா?" என்றான் மாயழகு.

செவலை ஓடைப்பக்கம் திரும்பிப் பார்த்தது.

"என்னடா?" என்று அவன் குனிந்து மெல்லக் கேட்டான்.

"பயமாக இருக்கிறது."

"எதைக் கண்டு?"

"தெரியவில்லை. பாதத்துக்கு அடியில் மண் சரியாக இல்லை. மேற்கிலிருந்து ஈரத் தழை வாசனை வருகிறது."

மாயழகு மேற்கே பார்த்தான். தொலைவில் மலை நீலமாகத் தெரிந்தது. தலைக்குமேல் வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. "மேற்கே மலை இருக்கிறது. மலையில் தழை இருக்கிறது. தழை என்றால் வாசனை இருக்கத்தான் செய்யும். இதற்கும் பயமா?"

"தழை வாசனை வந்தால் எனக்குப் பசிதான் வருகிறது. அண்ணனுக்குப் பயம் வருகிறது. ஆளுக்கு ஆள் வயிறு வேறு!" என்றான் கூளையன்.

நல்லதம்பி வரப்பில் நின்று தலைத்துண்டை உதறினார். "என்ன கீதாரி, உன் ஆடுகள் நின்றுகொண்டே தூங்குமோ? படுக்காத ஆடு என் வயலுக்கு எதற்கு? வேண்டாம் என்றால் சொல்லிவிடு. பக்கத்து ஊர்க் கிடை ஒன்று காத்திருக்கிறது."

"இதோ படுத்துவிடும், ஐயா" என்றான் மாயழகு. பிறகு செவலையின் பக்கம் திரும்பி, "உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். இன்று ஒரு நாள் சொல்லிவிடு. நாளை மேட்டுக்குப் போய்விடலாம்" என்றான்.

செவலை பூவாயியைப் பார்த்தது. அவள் பொதுவாக அதன் பக்கம் பேசுகிறவள். அன்று அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"இன்னொரு முறை படல் தூக்க என் தோளால் ஆகாது, செவலை. குட்டிகளைப் பார், கண் சொருகி நிற்கின்றன. சொல்லிவிடு."

"சொன்னால் உண்மையாகிவிடுமா, ஆத்தா?"

"சொன்னால் தூங்கலாம்" என்றாள் பூவாயி.

செவலை அந்த மந்தையை ஒரு முறை பார்த்தது. நிற்க முடியாமல் நிற்கும் ஆடுகள். சாய்ந்துகொள்ள இடம் தேடும் குட்டிகள். முள்ளை எடுக்கவும் வலுவில்லாமல் காலைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த பூவாயி. எல்லாரும் அதன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உண்டு, பயமில்லை" என்றது செவலை.

ஆடுகள் முழங்காலை மடக்கின. நல்லதம்பி நிறைவோடு வீட்டுக்குப் போனார். பூவாயி குட்டிகளைப் பிடித்துக் கூடைகளுக்குள் விட்டாள், கற்களை ஏற்றினாள். கடைசிக் கூடை ஓடைப்பக்க மூலையில் இருந்தது. அதற்கு வைத்த கல்தான் எல்லாவற்றிலும் பெரியது.

கஞ்சி ஆறுவதற்குள் தண்ணீர் வந்துவிட்டது.

மலையில் பெய்த மழையை யாரும் பார்க்கவில்லை; அதன் ஓசையும் கேட்கவில்லை. முதலில் ஒரு சலசலப்பு, பின்பு முழங்கால் அளவு, பின்பு இடுப்பளவு. செவலை ஆடுகளின் காதைக் கடித்து எழுப்பி மேட்டுக்குத் துரத்தியது. மாயழகு படல்களைப் பிடுங்கி வழிவிட்டான். பூவாயி கற்களைத் தள்ளிக் கூடைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். குட்டிகள் அவள் கைகளுக்கிடையே துள்ளி ஓடின. ஓடைப்பக்க மூலைக்கு அவள் போகமுடியவில்லை. இரண்டு முறை போக முயன்றாள். இரண்டு முறையும் தண்ணீர் அவளைத் திருப்பியனுப்பியது. மூன்றாம் முறை மாயழகு அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

விடிந்ததும் தண்ணீர் வடிந்தது. கூடை வைத்த இடத்திலேயே இருந்தது. கல்லும் அதன்மேல் அப்படியே இருந்தது. அடியில் இருந்த குட்டிகள் ஒன்றுகூட உயிரோடு இல்லை.

தாய் ஆடுகள் கூடையைச் சுற்றி நின்று கத்தின. கூளையனுக்கும் அன்று பேச ஒன்றும் இல்லை. மாயழகு சேற்றில் குந்தியிருந்தான். "பயமில்லை என்றாயே" என்றான்.

"சொல்லச் சொன்னீர்கள்" என்றது செவலை.

"நான் சொல்லச் சொன்னால் சொல்லிவிடுவதா? காவல் நானா, நீயா? உன் வாயால் நீ சொன்னதைக் கேட்டுத்தானே அவள் கல்லை ஏற்றினாள்?" தான் பேசுவது முறையன்று என்பது அவனுக்கே தெரிந்திருந்தது, சோர்வு அவனை நிறுத்தவிடவில்லை. "இனி உன் சொல்லை எவன் நம்புவான்? எந்த ஆடு உன் பேச்சைக் கேட்டுப் படுக்கும்?"

செவலை தன் சொல்லை எண்ணிப் பார்த்தது. உண்மையைச் சொன்னபோது சிரித்தார்கள்; பொய்யைச் சொன்னபோது நம்பினார்கள்; இப்போது இரண்டுக்கும் இடமில்லை. அப்படிப்பட்ட சொல்லை வாயில் வைத்துக்கொண்டு எத்தனை நாள் நடப்பது?

அந்தக் காலத்தில் சொல் என்பது தொண்டைக்குள் இருந்த ஒரு பொருள். வேண்டாதவர் அதை வெளியே எடுத்துவிடலாம். செவலை மேட்டில் ஏறி, ஓர் ஆவாரஞ்செடியின் அடியில் முன்னங்கால்களால் மண்ணைப் பறித்தது. தலையைத் தாழ்த்தி மும்முறை குமட்டியது. கொட்டைப்பாக்கு அளவில், ஈரமாக, ஒன்று விழுந்தது. அதன்மேல் மண்ணைத் தள்ளி மூக்கால் அழுத்தி மூடியது. பிறகு வாயைத் திறந்து பார்த்தது. குரைப்பு மட்டும் வந்தது.

சொல் போயிற்று, பயம் போகவில்லை. இத்தனை ஆண்டுகளாக வாய்வழியாக வெளியேறிப் பழகிய பயம், வாயில் சொல் இல்லாததைக் கண்டு உடம்பெல்லாம் வழி தேடத் தொடங்கியது. முதுகெலும்பின் வழியே பின்னால் ஓடி வாலுக்குள் புகுந்தது. கழுத்தில் ஏறிக் காதுகளை மடக்கியது. தாடையைத் திறந்தது, நாக்கை அசைத்தது, ஒரு முன்னங்காலைத் தரையிலிருந்து தூக்கியது. தன் உடம்பில் நடப்பது என்னவென்று செவலைக்கே முதலில் விளங்கவில்லை.

அன்று மாலை மேட்டு நிலத்தில் கிடை போட்டார்கள். வானம் தெளிந்திருந்தது; காற்றும் இல்லை. மாயழகு கோலை ஊன்றி வாசலில் நின்றான். அவன் கண்கள் சிவந்திருந்தன.

"காவல் உண்டா?"

செவலை படலைச் சுற்றி வந்து அவன் முன் நின்றது.

"உன்னைத்தான் கேட்கிறேன். காவல் உண்டா?"

செவலை வாயை அகலத் திறந்து கொட்டாவி விட்டது.

"தூக்கம் வருகிறதாம்!" என்றான் கூளையன், பழைய குரலை மெல்ல மீட்டுக்கொண்டு. "இத்தனை நடந்த பிறகும் தூக்கம்."

மாயழகு ஓரடி முன்னால் வந்தான். செவலை நாக்கை நீட்டித் தன் மூக்கை நக்கிக்கொண்டது.

"கஞ்சி கேட்கிறது" என்றான் கூளையன்.

மாயழகு இன்னும் ஓரடி வந்தான். செவலை முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டது. ஆனால் கண் மட்டும் அவனிடமே நின்றதால், அதன் வெள்ளை விழி பிறை போலத் தெரிந்தது. ஒரு முன்னங்கால் மேலே எழுந்து அந்தரத்தில் நின்றது.

"முகத்தைப் பார்க்க மாட்டாயா? செய்ததும் செய்துவிட்டுத் திமிரா?" மாயழகின் குரல் உயர்ந்தது. கையிலிருந்த கோலும் உயர்ந்தது. செவலையின் வால், அதுவரை எந்த நாயின் வாலும் போகாத இடத்துக்குப் போயிற்று; பின்னங்கால்களுக்கிடையே நுழைந்து வயிற்றோடு ஒட்டிக்கொண்டது.

"நிறுத்துங்கள்" என்றாள் பூவாயி.

அவள் கூடைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அன்று ஒரு குட்டியையும் அவள் மூடவில்லை. மூட அவள் கை வரவில்லை.

"பொழுதுக்கும் படுத்துக் கிடந்த நாய்க்கு எப்படித் தூக்கம் வரும்? இப்போதுதான் நான் வைத்த கஞ்சியை முகர்ந்துகூடப் பார்க்காமல் போனது. அதற்கு எப்படிப் பசி வரும்? ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள்."

"சேர்த்துப் பார்த்தால்?"

"பயந்து நிற்கிறது."

மாயழகு சுற்றிலும் பார்த்தான். "எதைக் கண்டு? ஓடை வடிந்துவிட்டது. மேற்கே மேகம் இல்லை. இங்கே என்ன இருக்கிறது பயப்பட?"

பூவாயி அவன் கையிலிருந்த கோலைப் பார்த்தாள். "நீங்கள் கொஞ்சம் பின்னால் போங்கள்" என்றாள்.

அவன் பின்னால் போனான். செவலையின் தூக்கிய கால் தரைக்கு வந்தது.

"இன்னும் கொஞ்சம்."

போனான். வால் வயிற்றைவிட்டுச் சற்றே விலகியது. நனையாத உடம்பை, நனைந்ததைப் போல, அது ஒரு முறை உதறிக்கொண்டது.

"இப்போது முன்னால் வாருங்கள்."

மாயழகு முன்னால் வரவில்லை. அவனுக்கு விளங்கிவிட்டது. கோலை மெதுவாகத் தரையில் கிடத்தினான்.

"என்னைக் கண்டா?" என்றான்.

கூளையன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பூவாயி திரும்பிப் பார்த்த பார்வையில் மென்று விழுங்கிவிட்டான்.

மாயழகு தரையில் உட்கார்ந்தான். செவலைக்கு எதிரே உட்காரவில்லை. பக்கவாட்டில் திரும்பி, முகத்தை வயலின் பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கூப்பிடவில்லை, கையை நீட்டவுமில்லை. மன்னிப்புக் கேட்கும் சொற்கள் அவனுக்குத் தெரியும். ஆனால் சொற்களின்மேல் அன்று அவனுக்கே நம்பிக்கை இல்லை. அவன் வெறுமனே களைத்துப்போய் உட்கார்ந்திருந்தான்.

காவற்சொல் வராததால் ஆடுகள் நின்றுகொண்டே இருந்தன. மேற்கே சிவப்பு மங்கிற்று. பூவாயி நெருப்பு மூட்டினாள். செவலை ஒரு முறை எழுந்து அவன் பக்கம் வந்து, பாதி வழியில் நின்று, திரும்பிப் போயிற்று. மாயழகு திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடியும் வந்தது. ஒரு கோல் நீளத்துக்கு அப்பால் நின்று அவன் முதுகை முகர்ந்தது. காதுகள் இன்னும் பின்னால்தான் மடங்கியிருந்தன. பின்பு அது அங்கேயே மெல்லப் படுத்து, தாடையைத் தரையில் வைத்து, நீண்ட மூச்சொன்றை விட்டது.

அந்த மூச்சைக் கேட்டு, முதலில் ஒரு கிழட்டுத் தாய் ஆடு முழங்காலை மடக்கியது. பிறகு மற்றவையும் மடக்கின. குட்டிகள் அன்று தாய்களின் வயிற்றோரம் படுத்தன. மாயழகு அதன் பின் எந்த மாலையிலும் "காவல் உண்டா?" என்று கேட்கவில்லை, நாயைப் பார்த்துவிட்டுத்தான் படல் நட்டான். செவலை பள்ளத்தின் ஓரத்தில் நின்று கொட்டாவி விட்ட நாள்களில், எவ்வளவு களைப்பாக இருந்தாலும், எதைக் கண்டு என்று கேட்காமல் படலைத் தோளில் ஏற்றிக்கொண்டான்.

அவன் கற்றதை அவனுக்குப் பின் வந்தவர்கள் எல்லாரும் கற்கவில்லை. அன்று முதல்தான், பயந்த நாய் தூக்கமின்றிக் கொட்டாவி விடுகிறது, பசியின்றி மூக்கை நக்குகிறது, வாலை வயிற்றோடு ஒட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அதைப் பார்த்துவிட்டு நாமும், "சோம்பேறி நாய்" என்று சொல்லிக் கடந்துபோகிறோம்.